பெரிய டிரம்மும் வலது காலும்

என் வீட்டுக்காரரை யாராவது அமைதியான மனுஷன் என்று சொன்னால், வேறு யாரையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போது இடது கை விரல்கள் தட்டு விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கும். குளிக்கப் போனால் வாளி அடி வாங்கும். தூக்கத்தில்கூடப் போர்வைக்குள் பாதம் இரண்டும் நடந்துகொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் பயந்துபோய் என் அக்காவிடம் சொன்னேன். "நரம்புக் கோளாறா இருக்கும்டி, டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். நரம்பும் இல்லை, கோளாறும் இல்லை. பணிமனை பேண்டு வாத்தியத்தில் அவர் பெரிய டிரம் அடிக்கிறவர். அதுதான் வியாதி.

பணிமனையில் அவருக்குப் பெயர் 'தடால்'. கதவைத் திறந்தாலும் தடால், எழுந்தாலும் தடால், கோபப்பட்டாலும் தடால். எனக்கே சில நாள் அவருடைய நிஜப் பெயர் சட்டென்று வாயில் வராது.

ஊர்ப் பேருந்துகளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிற இடம் அந்தப் பணிமனை. எப்போதோ ராணுவத்திலிருந்து திரும்பி வந்து அங்கே வேலைக்குச் சேர்ந்த சில பேர், சும்மா இருக்க முடியாமல், டயர் கிடங்குக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பேண்டு ஆரம்பித்தார்கள். ராணுவ மெட்டுகள்தான். வேகநடைக்கு ஒன்று, மெதுநடைக்கு ஒன்று என்று இரண்டு வகை. அவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பேண்டு போகவில்லை. வேலை நேரம் முடிந்ததும் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு டிரம்பெட் எடுக்க இன்றைக்கும் ஆள் இருக்கிறது. பணிமனைக்காரர் யாராவது செத்துப்போனால் டிரம்முக்குக் கறுப்புத் துணி கட்டி மெதுநடை. யாராவது ஓய்வு பெற்றால் வேகநடை.

அந்த வேகநடைக்கு ஒரு முறை உண்டு. கடைசி நாள் வேலை முடிந்ததும், ஓய்வு பெறுகிறவர் சாதாரண உடுப்பில், வெறுங்கையோடு, பெரிய டிரம்முக்குப் பின்னால் நிற்பார். பேண்டு அவரைப் பணிமனை வாசலிலிருந்து அவர் வீட்டு வாசல்வரை நடத்திக்கொண்டு போகும். வாசலில் பெரிய டிரம் அடுத்தடுத்து இரண்டு அடி போடும். இரட்டை அடி என்பார்கள். அது விழுந்தால் ஊதுகிறவர்களும் தட்டுகிறவர்களும் அப்படியே நிறுத்திவிட வேண்டும், கால்களும் நிற்க வேண்டும். மனுஷன் உள்ளே போய்விடுவார். மாலை கிடையாது, பேச்சு கிடையாது. எனக்கு அதனாலேயே அந்த முறை பிடிக்கும்.

என் வீட்டுக்காரருக்குப் பிரேக் பிரிவில் வேலை. ஓடுகிற வண்டியை நிறுத்துவது. பேண்டிலும் அதே வேலைதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எத்தனையோ பேரை அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவர். இப்போது அவர் முறை வந்துவிட்டது.

அந்தச் செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்த அன்று பையை வீசினார் பாருங்கள், என் தையல் மெஷின் மேல் இருந்த ஊசி டப்பா பறந்தது.

"வெல்டிங்காரம்மா அடிக்கப் போகுதாம்! என்னைக் கொண்டு வந்து விட அந்தம்மா அடிக்குமாம்!"

வெல்டிங் பிரிவில் வேலை செய்கிற பெண் அவள். என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னவள். பள்ளிக்கூட நாளிலேயே அணிவகுப்புக்குப் பெரிய டிரம் சுமந்தவள். இவர் யாருக்கும் குச்சியைத் தர மாட்டார் என்பதால் இத்தனை காலம் பேண்டில் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சா என்னங்க? அவ நல்லாத்தானே அடிக்கிறா?" என்றேன், தரையில் குனிந்து ஊசி பொறுக்கியபடி.

"உனக்கு என்ன தெரியும்? காதுக்கு நல்லா இருக்கு. காலுக்கு இல்ல. நடந்து பார்த்தேன், அவ அடி என் கால்ல இறங்கவே மாட்டேங்குது. நானே அடிச்சுக்கிட்டு வந்துடறேன்னு மாஸ்டர்கிட்ட சொன்னா, அந்தாளு ஒத்துக்கல. கையில குச்சி இருந்தா நீ இன்னும் டியூட்டியில இருக்கேன்னு அர்த்தம்கிறாரு."

மாஸ்டர் என்பவர் பேண்டை நடத்துகிறவர், பணிமனையில் டைம் ஆபீஸ்காரர். வாயே திறக்காத மனுஷன். அவரே மறுத்துப் பேசியிருக்கிறார் என்றால் விஷயம் அவ்வளவுதான்.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "எத்தனை பேரைக் கொண்டு போய் விட்டேன். என்னைக் கொண்டு வந்து விட ஒரு சரியான அடி இல்லையா?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஏனென்றால் வெல்டிங்காரி அடி ஏன் அவர் காலில் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பேண்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பேருந்தின் அடியில் இருந்தபோது ஜாக்கி நழுவி, அவருடைய வலது முட்டி நசுங்கியது. ஆபரேஷன் செய்து நடக்க வைத்தார்கள். ஆனால் வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, மடங்கவும் மறுத்தது. படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் ஒரு நாள்கூட அவர் விரல் எதன் மேலும் தட்டவில்லை. அந்த மனுஷனா இவர் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன். பிறகு ஒரு சாயங்காலம் டாக்டர் பேச்சை மீறி டிரம்மை மாட்டிக்கொண்டு கொட்டகையில் நடந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது தட்டு விளிம்பில் விரல் தட்டியது. நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

அதில்தான் கோளாறு. பெரிய டிரம் கையில் இல்லை, காலில் இருக்கிறது என்பார் அவர். கால் தரையைத் தொடுகிற நேரத்தில்தான் குச்சி தோலைத் தொட வேண்டும். அப்படியே பழகிய உடம்பு. இடது கால் நேரத்துக்கு விழும், வலது கால் இழுத்துக்கொண்டு பிந்தி வரும். அடியும் அதே மாதிரி பிந்தி வந்தது. நின்ற இடத்தில் அடித்தால் கடிகாரம் தோற்கும். நடந்தால் அடி நொண்டும். காலும் கையும் ஒன்றாக விழுவதால் அவருக்கு அது சரியாகவே பட்டது.

அப்போது மாஸ்டர் என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, அவர் முட்டி டிரம்முக்குள்ள போயிடுச்சு. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

"யாராவது சொன்னீங்க, வாயைத் தச்சுப்புடுவேன். என்கிட்ட மெஷின் இருக்கு."

மாஸ்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த ஊர்வலத்திலிருந்து மொத்த பேண்டும் என் வீட்டுக்காரரின் முட்டிக்கு ஏற்றபடி ஊதியது. வலது அடி வருகிறவரை டிரம்பெட் மூச்சைப் பிடித்தது. எல்லோருடைய வலது காலும் ஒரு கணம் காற்றில் காத்திருந்தது. வேடிக்கை பார்க்கிற சனம் அதுதான் ராணுவ நடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. நானும் என் பங்குக்கு அவருடைய யூனிஃபார்மில் வலது காலை அரை விரல் குறைத்துத் தைத்தேன், விளிம்பு தரையில் இழுபடக் கூடாதே என்று.

அந்த நொண்டி அடி எனக்குப் பிடித்தும் போயிற்று. சத்தம் தூரத்தில் வரும்போதே, ம், ஆள் வருகிறார் என்று உலையை ஏற்றுவேன். ஊரில் வேறு பேண்டும் உண்டு. அதெல்லாம் அது பாட்டுக்குப் போகும். இது எங்கள் வீட்டு ஆள்.

இப்போது கடைசி நாள் நெருங்க நெருங்க இவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். நன்றாக ஓடிய மின்விசிறியைக் கழற்றினார். திரும்ப மாட்டியதும் அது முனகியது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்தார், சுவர்ப் பக்கம் இழுத்தார். "நீங்க ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்தா நான் உங்க வேலைக்குப் போயிடறேன், என்னால முடியாது சாமி" என்றேன். காதில் விழுந்தால்தானே.

எனக்கும் நிம்மதி இல்லை. வெல்டிங்காரி அடிக்க ஆரம்பித்தால் உண்மை வெளியே வந்துவிடுமே என்று பயம். இரண்டு சட்டைகளுக்குக் கையை மாற்றித் தைத்துத் திரும்பப் பிரித்தேன்.

உண்மை வெளியே வந்தபோது நானும் அங்கே இருந்தேன். யூனிஃபார்ம் காலர் தைத்ததைக் கொடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தேன். இவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டியபடி வேவு பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டிங்காரி டிரம்மை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் அடி அவ்வளவு சீராக இருந்தது. டும், டும், டும், டும். ஆனால் பேண்டு நடக்கவில்லை, தடுமாறியது. வலது கால் வழக்கம்போலக் காத்திருக்க, அடி காத்திருக்காமல் போய்விட்டது. டிரம்பெட் ஒரு பக்கம் ஓடியது, சைடு டிரம் ஒரு பக்கம் ஓடியது. கிளாரினெட் ஊதுகிற பெயிண்டர் கால் பின்னிக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து டிராம்போன் அவர் முதுகில் இடித்தது.

இவர் குதித்து இறங்கினார். "பார்த்தீங்களா! நான்தான் சொன்னேன்ல? அந்தம்மாவுக்கு அடி வரல! நாளைக்கு நான் இல்லாம ஒரு சாவுக்கு எப்படிப் போவீங்க?"

"அண்ணே, நான் நேராத்தான் அடிச்சேன்" என்றாள் அவள்.

"நேரா அடிச்சா இவங்க ஏன் விழறாங்க?"

பெயிண்டருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. முதுகு வேறு வலித்தது. "யோவ் தடால்! அவ நேராத்தான்யா அடிக்கிறா! உன் முட்டிக்கு இத்தனை வருஷமா நாங்க நொண்டி நொண்டி எங்களுக்கு நேரா நடக்கறதே மறந்து போச்சு!" என்று கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கிளாரினெட்டின் வாயைத் துடைக்க ஆரம்பித்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எல்லோரும் தங்கள் தங்கள் வாத்தியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் பார்வை என்னிடம் வந்தது. நான் கையிலிருந்த காலரை மடித்தேன்.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார். சோறு போட்டேன், தட்டுப் பக்கத்தில் கை சும்மா கிடந்தது. எனக்கு அந்தப் பழைய படுக்கை நாட்கள் நினைவுக்கு வந்தன.

"உனக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரும் நேரத்தில் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம். "உங்க யூனிஃபார்ம எடுத்துப் பாருங்க, எந்தக் கால் குட்டைன்னு தெரியும். அப்ப இருந்து தெரியும்! சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? டிரம்ம இறக்கி வச்சிட்டு மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பீங்க. எனக்கு நொண்டுற அடி போதும், படுத்த ஆளு வேணாம்!"

அவர் எழுந்துபோய் யூனிஃபார்மை எடுத்து, ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துப் பார்த்தார். விளிம்பைத் தடவினார்.

"அப்ப இத்தனை பேரை நொண்டிக்கிட்டேதான் வீட்டுல விட்டிருக்கேன்" என்றார். "நல்லா இருந்த பேண்டு. நான் கெடுத்துட்டேன்."

"யாரும் அப்படிச் சொல்லல."

"யாரும் சொல்லல, அதான் சொல்றேன்." மடித்து வைத்தார். "என்னை யாரும் கொண்டு வந்து விட வேணாம். கடைசி நாள் நான் பஸ்ல வந்துடறேன்."

மறுநாள் வெல்டிங்காரி வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே பேசினாள், அத்தனை அவசரம்.

"அண்ணி, அண்ணனை பஸ்ல வர விட்றாதீங்க. நாங்க எல்லாரும் பேசிட்டோம். அன்னிக்கு ஒரு நாள் அண்ணன் காலுக்கே அடிக்கிறேன். பெயிண்டரே சொல்லிட்டாரு, கடைசியா ஒரு தடவை நொண்டிட்டுப் போறோம்னு. அடுத்த நாள்லேர்ந்து நேரா பழகிக்கிறோம்."

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. இவர் வெளியே வந்தார். அவளைத் தாண்டித் தெருவில் இறங்கி, "ஏம்மா, இங்க வா" என்றார். இரண்டு பேரும் மின்கம்பத்தடியில் நின்று பேசினார்கள். நான் ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை வெட்டி வெட்டிப் பேசினார். அவள் முதலில் மாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பேசினீங்க?" என்றேன்.

"வேலை விஷயம்."

"வரப் போறீங்களா, இல்லையா? நான் வாசல்ல நிக்கணுமா வேணாமா?"

"நின்னா நில்லு" என்றார். கல்லுளிமங்கன்.

கடைசி நாள் காலையில் அவருக்காகத் தைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லாமல் போயிற்று. தடால் என்று சாத்தியிருந்தால் நிம்மதியாகத் துணி தைத்திருப்பேன்.

சாயங்காலம் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். என் காலிலும் சக்கரம். ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன், இறங்குகிற ஆட்களில் அவர் இருக்கிறாரா என்று. இருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று தயாராகக்கூட இருந்தேன். எதிர் வீட்டுக்காரி, "என்னக்கா, நீங்களும் டிரம் அடிக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பார்த்தால் என் விரல்கள் கதவுச் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தன.

அப்போது தூரத்தில் கேட்டது. பெரிய டிரம்.

டும், டும், டும், டும்.

நேரான அடி. ஒன்றுகூடப் பிந்தவில்லை. கூர்மையாக, வெட்டினாற்போல வந்தது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அதன் மேல் ஏறி வந்தன. இத்தனை வருஷத்தில் அந்த மெட்டை நான் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு நல்ல மெட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் என் மனசு விழுந்துவிட்டது. அவர் இருந்தால் அவர் காலுக்கு அடிப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அடி நேராக வருகிறது. அப்படியென்றால் அவர் இல்லை. பாவி மனுஷன் பஸ்ஸில்கூட வரவில்லை, எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டார். முறைக்காக இவர்கள் மட்டும் வருகிறார்கள்.

பேண்டு தெருவுக்குள் திரும்பியது. மாஸ்டர் முன்னால் கோலைத் தூக்கிப் பிடித்து வந்தார். வரிசைகள் வந்தன. ஒரு கால்கூடக் காத்திருக்கவில்லை, எல்லாம் ஒன்றாக விழுந்தன. பெயிண்டர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார், கண் சிவந்திருந்தது. கடைசியில் பெரிய டிரம். அதன் மேல் விளிம்பில் வெல்டிங்காரியின் முகம் மட்டும் தெரிந்தது. டிரம்முக்குப் பின்னால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், வரிசை மறைத்தது.

எங்கள் வாசலுக்கு நேரே வந்தார்கள். இரட்டை அடி விழுந்தது.

ஊதல் நின்றது. கால்கள் எல்லாம் ஒரே கணத்தில் நின்றன. தெருவே வாயை மூடிக்கொண்டது. அந்த நிசப்தத்தில், டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கால், இழுத்துக்கொண்டு, பிந்தி வந்து தரையில் விழுந்தது.

டப்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெல்டிங்காரி டிரம்மோடு ஒரு பக்கம் விலகினாள். அவர் வெறுங்கையோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு தூரமும் வலது கால் ஒரு அடிக்குக்கூடச் சேராமல், எட்டிப் பிடித்து எட்டிப் பிடித்து நடந்து வந்திருக்கிறார். முகம் சாம்பலாக இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு" என்றேன். "நீங்கதான் லேட்டு."